ஜேட்டாலால் ஏன் திருந்தவே மாட்டேங்கிறாரு? சிட்காம்ல கேரக்டர் டெவலப்மென்ட்னா என்ன?

மும்பை சயான் கோலிவாடாவுல எங்க சித்தி வீட்டுல ராத்திரி எட்டரை ஆச்சுன்னா டிவில தாரக் மேத்தா கா உல்டா சஷ்மாங்கிற ஹிந்தி காமெடி சீரியல் ஓடும், அந்த நேரத்துல யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது. சித்திக்கு ஹிந்தி காய் விக்கிற பாஜிவாலாகிட்ட பேரம் பேசுற அளவுக்குத்தான் வரும், ஆனா அந்த சீரியல்ல வர்ற கோகுல்தாம் சொசைட்டிங்கிற குடியிருப்புல எந்த வீட்டுல யாரு இருக்காங்க, யாருக்கு யாரைக் கண்டா ஆகாது, எல்லாம் அத்துப்படி. போன வாரம் அந்த சீரியல் ஹீரோ ஜேட்டாலாலைப் பார்த்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொல்றாங்க, "இந்த ஜேட்டாலாலுக்கு எத்தன பட்டாலும் புத்தி வராதாடா, இத்தன வருஷமா அதே கூத்தையே அடிச்சிட்டு இருக்கான்." உள் ரூம்ல லேப்டாப்ல ஃப்ரெண்ட்ஸ்ங்கிற அமெரிக்க சிட்காம் பார்த்துக்கிட்டு இருந்த தங்கச்சி, அதான் சித்தி பொண்ணு, அதுல வர்ற ஜோயியைப் பத்தி அங்கருந்தே கத்துறா, "அண்ணே, ஜோயியை ஏன் இப்படி மாத்திட்டாங்க, மொதல்ல எவ்ளோ நல்லா இருந்தான்!"

ஒரே வீட்டுல ஒரே நேரத்துல, ஒருத்தங்களுக்கு ஆள் மாறலைன்னு கோவம், இன்னொருத்திக்கு ஆள் மாறிட்டான்னு கோவம். இந்த ரெண்டுக்கும் நாம வெக்கிற பேரு ஒண்ணுதான், "கேரக்டர் டெவலப்மென்ட் சரியில்ல." டீக்கடையிலயும் ஆபீஸ் கேன்டீன்லயும் இந்த வார்த்தை இப்படித்தான் உருளுது, பிடிக்காதது எது நடந்தாலும் இதையே சொல்றோம். எனக்கு காமெடி சீரியல்னா உயிரு, அதனால இதை ஒரு தடவை உக்காந்து பிரிச்சுச் சொல்லிடணும்னு ரொம்ப நாளா நெனப்பு.

லோக்கல் ட்ரெயின்ல ஏறினா சிட்காம் புரிஞ்சுடும்

சிட்காம்னா சூழ்நிலை நகைச்சுவை. அதே ஆளுங்க, அதே இடம், ஒவ்வொரு வாட்டியும் ஒரு புது வம்பு, அவ்ளோதான். விளம்பரத்தைக் கழிச்சா சுமார் 22 நிமிஷத்துல வம்பு வரணும், முத்தணும், தீரணும்.

காலைல ஜிடிபி நகர்ல நான் ஏர்ற ஹார்பர் லைன் வண்டியில எங்களுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. மூணு பேரு உக்கார்ற சீட்ல நாலாவதா ஒருத்தர் பாதி உடம்பை வெச்சு ஒட்டிக்கிறது மும்பையில எழுதாத சட்டம், அந்த நாலாவது சீட்டுக்கு தினமும் சண்டை போடுற ஒரு அண்ணன் எங்க கூட்டத்துல உண்டு. மஸ்ஜித் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள சண்டை முடிஞ்சு கடலை பகிர்ந்து சாப்பிட்டுட்டு இருப்போம், மறுநாள் காலைல நேத்து நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது, மறுபடி மொதல்லேருந்து அதே சண்டை. இதுக்குத்தான் ரீசெட்னு பேரு, கதை முடியுறப்ப எல்லாரும் கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்து நிக்கிறது.

இது அமெரிக்காக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுடாதீங்க. வீரமாமுனிவர் எழுதுன பரமார்த்த குரு கதை 18-ஆம் நூற்றாண்டு. ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை தண்ணியில முக்கிப் பார்க்கிற குருவும், மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடங்களும். ஆத்தைத் தாண்டிட்டு தன்னை விட்டுட்டு எண்ணி, ஒருத்தனைக் காணோம்னு அழுவாங்களே, அதுலேருந்து அவங்க ஏதாவது கத்துக்கிட்டா அடுத்த கதை எங்கருந்து வரும்? கிரேஸி மோகன் நாடகங்களை எடுத்துக்கோங்க, நாடகம் மாறும், மாதுவும் சீனுவும் ஜானகியும் பேரு மாறாம வருவாங்க, நாமளும் புது நாடகத்துல பழைய ஆளுங்களைப் பார்க்கத்தான் போவோம்.

ரீசெட் சோம்பேறித்தனம் இல்ல

இங்கதான் பெரிய தப்புக் கணக்கு. "எழுத்தாளருக்கு சரக்கு தீந்து போச்சு, அதான் அதையே அரைக்கிறாங்க"ன்னு சொல்றோம். சில நேரம் அது உண்மையாவும் இருக்கும், ஆனா ரீசெட்டுக்கு பின்னாடி ஒரு தெளிவான காரணம் உண்டு, அதுல பாதி காசு.

அமெரிக்காவுல ஒரு சிட்காம் மொதல் ஒளிபரப்புல சம்பாதிக்கிறதை விட மறு ஒளிபரப்புல சம்பாதிக்கிறது பெருசா இருந்துச்சு. எபிசோடுங்களை ஊர் ஊரா இருக்கிற சின்ன டிவி ஸ்டேஷன்களுக்கு மொத்தமா விப்பாங்க, இதுக்கு சிண்டிகேஷன்னு பேரு, அதுக்கு சுமார் 100 எபிசோடாவது கையில இருக்கணும்கிறது அந்தத் தொழில்ல பழைய கணக்கு. வாங்குன ஸ்டேஷன் அதை தினமும் ஒண்ணா போடும், பார்க்கிறவங்க நடுவுல எங்கயோ ஒரு செவ்வாய்க்கிழமை சேனல் மாத்துறப்ப வந்து மாட்டுவாங்க. அவங்களுக்கு முன்கதை தெரியாம அந்த எபிசோடு தனியா புரியணும்னா, போன வாரம் நடந்தது இந்த வாரத்து மேல ஏறி உக்காரக் கூடாது. அப்போ மறதிங்கிறது அந்த வடிவத்துக்குள்ளயே தெச்சு வெச்சது.

தாரக் மேத்தாவுக்கும் இதே மாதிரி ஒரு வேர் இருக்கு. சேனல்ல அது 2008 ஜூலை 28 அன்னிக்கு ஆரம்பிச்சுது, ஆனா அந்த ஆளுங்க அதுக்கு முன்னாடியே குஜராத்தி வாரப் பத்திரிகை சித்ரலேகாவுல தாரக் மேத்தாங்கிற எழுத்தாளர் 1971-லேருந்து எழுதுன பத்தியில பொறந்தவங்க. வாரப் பத்திரிகைன்னா, போன இதழை பழைய பேப்பர்காரனுக்கு போட்டவனும் இந்த இதழைப் படிச்சு சிரிக்கணும். வாராவாரம் புதுசா ஆரம்பிக்கிற பழக்கம் அங்கேயே வந்தாச்சு.

இன்னும் ஒரு படி மேல போன சீரியல் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது, சப் டிவில 2001-ல வந்த ஆபீஸ் ஆபீஸ். பங்கஜ் கபூர் நடிச்ச முசத்திலால் ஒவ்வொரு எபிசோடும் ஒரு சர்க்கார் ஆபீஸுக்கு ஒரு சின்ன வேலையா போவாரு, ஒரு வாரம் பென்ஷன், இன்னொரு வாரம் வேற ஏதோ, டிபார்ட்மென்ட் மாறிக்கிட்டே இருக்கும், ஆனா மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறது எப்பவும் அதே பாட்டியா, அதே சுக்லா, அதே உஷா மேடம். பாட்டியா எந்த ஆபீஸ்ல இருந்தாலும் சமோசாதான். ஒரே கிளார்க் எப்படி பத்து டிபார்ட்மென்ட்ல இருப்பாருன்னு யாரும் கேக்கல, ஏன்னா ரேஷன் கார்டுக்கோ பாஸ்போர்ட்டுக்கோ அலைஞ்சவங்க எல்லாருக்கும் தெரியும், எங்க போனாலும் நாம பார்க்கிறது அதே ஆளைத்தான். அந்தக் கதையில பாட்டியா திருந்திட்டா அது பொய்யாயிடும், ரீசெட்தான் அங்க சொல்ல வந்த விஷயமே.

இதுவரைக்கும் சொன்னதை சேர்த்து வெச்சுக்கோங்க: சிட்காம்ல ஆள் மாறாம இருக்கிறது அந்த வடிவத்தோட எலும்பு. அதனால "மாறல" அப்படிங்கிறது மட்டும் ஒரு குறையாகாது.

அப்போ வளர்ச்சின்னா என்னதான்?

வளர்ச்சின்னு நாம சொல்றதுல ரெண்டு வேற வேற சமாச்சாரம் கலந்து கெடக்கு. ஒண்ணு, ஆள் மாறுறது. இன்னொண்ணு, ஆள் அப்படியேதான் இருப்பாரு, நமக்கு அவரைப் பத்தி புதுசா ஒண்ணு தெரியும். ரெண்டாவதை நாம கணக்குலயே எடுத்துக்கிறது இல்ல, சிட்காம்ல நல்ல எழுத்து பாதிக்கு மேல அங்கதான் இருக்கு.

மறுபடி ட்ரெயினுக்கு வாங்க. அந்த நாலாவது சீட் அண்ணன், போன மழைக்காலத்துல ஒரு நாள், கால்ல மாவுக்கட்டு போட்ட ஒரு பையன் ஏறினதும் வாயைத் திறக்காம எந்திரிச்சு, அவனை உக்கார வெச்சு, அவன் கட்டு மேல யாரும் மிதிச்சுடாம கடைசி ஸ்டேஷன் சிஎஸ்எம்டி வரைக்கும் ரெண்டு காலையும் அகட்டி வெச்சு நின்னுக்கிட்டு வந்தாரு. மறுநாள் காலைல அதே சீட்டுக்கு அதே சண்டை. அவரு மாறல, எனக்குத்தான் அவரு மாறிட்டாரு, இப்போ அவரு கத்துறப்ப எனக்கு அந்தக் கால் ரெண்டும் ஞாபகம் வருது.

தி ஆபீஸ்ங்கிற அமெரிக்க சீரியல்ல மேனேஜரா வர்ற மைக்கேல் ஸ்காட் விஷயத்துல நடந்தது இதேதான். 2005-ல வந்த மொத சீசன் வெறும் 6 எபிசோடு, அதுல அவரு சகிக்க முடியாத ஒரு மேனேஜர், அவ்ளோதான். ரெண்டாவது சீசன்ல ஒரு எபிசோடு, பெரிய கிளையன்ட் ஒருத்தரைப் பார்க்கணும், மேலதிகாரி ஜான் பெரிய ஹோட்டல்ல மீட்டிங் வெக்கிறாங்க, இவரு அதை மாத்தி சாதாரண ரெஸ்டாரன்டுக்கு கூட்டிட்டுப் போறாரு, மணிக்கணக்கா ஜோக்கும் ஊர்க்கதையும் பேசிக்கிட்டே இருக்காரு, பக்கத்துல ஜானுக்கு உடம்பெல்லாம் எரியுது. கடைசில அந்த மனுஷன் டீலுக்கு ஒத்துக்கிறாரு. அப்பத்தான் நமக்கு விளங்குது, இவரு மட்டமான மேனேஜர், ஆனா பிரமாதமான சேல்ஸ்மேன், இவரை ப்ரொமோட் பண்ணினவங்கதான் தப்பு பண்ணியிருக்காங்க. அடுத்த எபிசோடுலயும் அதே அசட்டுத்தனம்தான் பண்ணுவாரு, ஆனா நாம இப்போ வேற கண்ணோட பார்க்குறோம்.

உண்மையாவே மாறுறவங்களும் இருக்காங்க. கதை முழுக்க ஒருத்தர் ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குப் போற அந்தப் பாதையை ஆர்க்னு சொல்லுவாங்க. 2015-லேருந்து 2020 வரைக்கும் வந்த ஷிட்ஸ் க்ரீக்ங்கிற சிட்காம்ல அலெக்ஸிஸை பாருங்க, சொத்து போன பணக்கார வீட்டுப் பொண்ணு, ஆரம்பத்துல எதைப் பத்திப் பேசினாலும் தன்னைப் பத்திதான் பேசுவா. நடுவுல பாதியில விட்ட பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கிறா, காலேஜ் போறா, சொந்தமா வேலை பார்க்குறா, கடைசில மனசுக்குப் பிடிச்சவனோட வேலை ஒரு பக்கம் தன் வேலை ஒரு பக்கம்னு ஆனப்ப அழுதுக்கிட்டே பிரியுறா. ஆனா கவனிச்சீங்களா, அண்ணனைப் பார்த்து மூஞ்சியை சுளிக்கிறதும், கையை மடக்கி வெச்சுக்கிற அந்த நடையும் கடைசி எபிசோடு வரைக்கும் அப்படியே இருக்கு. பேச்சு மாறல, முடிவு எடுக்குற விதம் மாறியிருக்கு. அவளோட அம்மா மொய்ராவோ விக்குலேருந்து உச்சரிப்பு வரைக்கும் எதையும் விட்டுக் குடுக்கல. ஒரே வீட்டுல ஒருத்தி நகர்றா, ஒருத்தி நிக்கிறா, நிக்கிறவங்க இருக்கிறதாலதான் நகர்றவ எவ்ளோ தூரம் போயிருக்கான்னு அளக்க முடியுது.

இந்த மாதிரி ஆர்க் இப்போ அதிகமா வர்றதுக்கு காரணமும் மேல சொன்ன அதே காசுக் கணக்குதான், தலைகீழா. ஸ்ட்ரீமிங்ல ஒரே ராத்திரி எட்டு எபிசோடு பார்க்குற ஆளுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நடந்தது நல்லா ஞாபகம் இருக்கும், அங்க மறதி வேலைக்காகாது.

நிறுத்தி ஒரு வார்த்தை: ஆள் மாறலாம், அல்லது ஆள் மாறாம நமக்குத் தெரியுறது மாறலாம். ரெண்டுமே இல்லாம ஜோக் மட்டும் ஓடுனாத்தான் தேங்கிப் போச்சுன்னு அர்த்தம்.

தூங்குமூஞ்சி மாமாவும் ஜோயியும்

எல்லார் வீட்டுலயும் இப்படி ஒரு மாமா இருப்பாரு. எங்க மாமா இருபது வருஷத்துக்கு முன்னாடி மாட்டுங்காவுல ஒரு கல்யாணத்துல, முந்தின ராத்திரி முழுக்க பந்தி வேலை பார்த்த களைப்புல, தாலி கட்டுற நேரத்துல நாற்காலியில தூங்கிட்டாரு. அன்னிக்கு அது ஒரு சிரிப்பு. அடுத்த விசேஷத்துல யாரோ அதைச் சொன்னாங்க, மறுபடி சிரிப்பு. அப்புறம் எல்லாருக்கும் அதுவே பேரு, இப்போ அவரு வீட்டுக்குள்ள வந்தாலே தலையணை எடுத்துட்டு வாங்கன்னு சின்னப் பசங்க கத்துதுங்க. ராத்திரி முழுக்க இலை போட்டவருங்கிறது எல்லாருக்கும் மறந்தே போச்சு.

சீரியல்ல இது நடந்தா ஃப்ளாண்டரைசேஷன். பல குணம் இருக்கிற ஒரு ஆளை, சிரிப்பு வந்த ஒரே ஒரு குணமா சுருக்கிடுறது. பேரு வந்தது சிம்ப்ஸன்ஸ்ங்கிற அமெரிக்க கார்ட்டூன்ல வர்ற நெட் ஃப்ளாண்டர்ஸ்லேருந்து. ஆரம்பத்துல அவரு ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரரு, கேட்டதைக் குடுப்பாரு, குடும்பத்தை ஒழுங்கா பார்த்துக்குவாரு, அதைப் பார்த்து கதையோட ஹீரோ ஹோமருக்கு வயித்தெரிச்சல், அதுதான் காமெடி. தேவாலயம் போறது அவரோட பல பழக்கத்துல ஒண்ணா இருந்துச்சு. போகப் போக மதம் ஒண்ணுதான் மிஞ்சுச்சு, மத்ததெல்லாம் உதிர்ந்து போச்சு.

இது ஏன் நடக்குதுன்னா, யாரும் கெட்ட எண்ணத்துல பண்றது இல்ல. எழுதுற ரூம்ல ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, புதுசா வர்றவரு பழைய எபிசோடு பார்த்துட்டு, எந்த எடத்துல சிரிப்பு அதிகமோ அதைத்தான் அந்த ஆளுன்னு எடுத்துக்குவாரு. வாராவாரம் ஸ்க்ரிப்ட் குடுத்தாகணும், நேத்து வேலை செஞ்ச ஜோக் இன்னிக்கும் வேலை செய்யும், ஆனா அதே அளவுல போட்டா சிரிப்பு கொறையும், அதனால ஒரு கரண்டி கூட, அடுத்த வாட்டி ரெண்டு கரண்டி கூட. பெருங்காயம் வாசனையா இருக்குன்னு கூட்டிக்கிட்டே போய் கடைசில சாம்பாரே கசக்குற கதை.

தங்கச்சி ஜோயியைப் பத்திக் கத்துனது இதைத்தான், அவ சொன்னது நூத்துக்கு நூறு சரி. மொத சீசன்ல ஜோயியோட அப்பாவுக்கு இன்னொரு பொண்ணோட தொடர்பு இருக்குன்னு தெரியுது. அவன் அப்பாகிட்ட ஒழுங்கா ஒரு முடிவெடுன்னு சொல்றான், அம்மா வந்து எனக்கு ஏற்கெனவே தெரியும், அவரு இப்போ என்கிட்ட முன்னைவிட அன்பா இருக்காரு, இதை ஏன்டா கெடுத்தேங்கிற மாதிரி பேசுறப்ப அதையும் தாங்கிக்கிட்டு கேக்குறான். படிப்பு கம்மி, உலகம் தெரிஞ்ச பையன். பத்தாவது சீசன்ல ஒரு எபிசோடு, அவனோட ஃப்ரெண்ட் ஃபீபி அவனுக்கு ஃப்ரெஞ்ச் சொல்லித் தர்றா, ஒவ்வொரு எழுத்தா பிரிச்சு சொன்னா சொல்றான், சேர்த்து சொல்லச் சொன்னா வாயில வேற ஏதோ சத்தம் வருது. சிரிப்பு வருது, நானும் வயிறு வலிக்க சிரிச்சிருக்கேன், ஆனா அந்த மொத சீசன் பையன் இங்க இல்ல. ரெண்டு எபிசோடையும் அடுத்தடுத்து ஒரே ராத்திரில போட்டுப் பாருங்க, நான் சொல்றதை விட நல்லா புரியும்.

இதை வளர்ச்சியிலேருந்து பிரிச்சுப் பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் வெச்சிருக்கேன்: மாறுனதுக்கு காரணம் கதைக்குள்ள எங்கயாவது நடந்துச்சா? அலெக்ஸிஸுக்கு நடந்துச்சு, எபிசோடு எபிசோடா கை வெச்சுக் காட்டலாம். ஜோயிக்கு அப்படி எதுவும் நடக்கல, அவன் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சான், அவ்ளோதான்.

சேர்த்து வெச்சா சீரியல் படுத்துடுமா?

கதைப் போக்கைப் பத்தி நாம அடிக்கிற பெரிய சண்டை இதுதான், ஹீரோ ஹீரோயினை சேர்த்து வெச்சதால சுவாரஸ்யம் போச்சுன்னு. இதுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் 1985-லேருந்து 1989 வரைக்கும் வந்த மூன்லைட்டிங்ங்கிற அமெரிக்க சீரியல். ரெண்டு பேரும் மூணாவது சீசன்ல சேர்ந்தாங்க, அப்புறம் சீரியல் சரிஞ்சுது, உண்மைதான். ஆனா அதே நேரத்துல ஹீரோயினா நடிச்ச சிபில் ஷெப்பர்டு இரட்டைக் குழந்தை உண்டாகி இருந்தாங்க, ஹீரோ ப்ரூஸ் வில்லிஸ் சினிமா பக்கம் போயிட்டாரு, 1988-ல எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேற, அதனால ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல வந்ததே கொறைஞ்சு போச்சு. சேர்ந்ததால போச்சா, சேர்ந்த ஆளுங்களைச் சேர்த்துக் காட்ட முடியாததால போச்சா? சியர்ஸ்ங்கிற இன்னொரு அமெரிக்க சிட்காம்ல சாமும் டயானும் மொத சீசன் முடிவுலயே சேர்ந்துட்டாங்க, பிரிஞ்சாங்க, டயான் ரோல் பண்ணினவங்க 1987-ல வெளியேயே போயிட்டாங்க, சீரியல் மொத்தம் 11 சீசன் ஓடுச்சு. மேல சொன்ன அமெரிக்க ஆபீஸ்ல ஜிம்முக்கும் பாமுக்கும் ஆறாவது சீசன்ல கல்யாணம், அதுக்கப்புறமும் மூணு சீசன். கல்யாணம் ஆனா வம்பு தீந்துடும்னு நெனக்கிறவங்க சாராபாய் வெர்சஸ் சாராபாய்ங்கிற ஹிந்தி சிட்காம் பார்க்கலாம், அங்க கல்யாணத்துக்கு அப்புறம்தான் கதையே, மனிஷாங்கிற பேரு மிடில் கிளாஸா இருக்குன்னு மருமகள் பேரையே மோனிஷான்னு மாத்தின மாமியார் மாயா எதிர் ஃப்ளாட்ல இருக்கிறப்ப வம்புக்கு என்ன பஞ்சம்.

கதைக்கு வெளிய இருக்கிற காரணம்

நாம கோவப்படுற பல திருப்பங்கள் எழுத்தாளர் கையிலேயே இருக்காது. நடிகருக்கு வயசாகும், ஒப்பந்தம் முடியும், உடம்புக்கு முடியாமப் போகும். சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன், அதனால 1989-லேருந்து பார்ட்டுக்கு பத்து வயசுதான். தாரக் மேத்தாவுல ஜேட்டாலாலோட மகன் டப்புவா நடிச்ச பையனுக்கு அப்படி முடியுமா, நம்ம கண்ணு முன்னாடியே மீசை முளைச்சுது, 2017-ல அவரு விலகினாரு, வேற ஆள் வந்தாங்க.

அதே 2017-ல ஜேட்டாலாலோட பொண்டாட்டி தயாபென் ரோல் பண்ணின திஷா வகானி பிரசவ விடுப்புல போனாங்க, அப்புறம் பழையபடி நடிக்க வரல, பல வருஷம் அந்த எடத்தை நிரப்பாமலே கதையை ஓட்டினாங்க. இதைப் பத்தி யோசிச்சப்பத்தான் சித்தியோட கோவம் எனக்குப் பிடிபட்டுது. காமெடியில ஒரு ஆளோட குணம் அவருக்குள்ள மட்டும் இருக்கிறது இல்ல, பாதி எதிர்ல நிக்கிற ஆள்கிட்ட இருக்கும். ஜேட்டாலாலோட அவசரம், பொய், அதே சொசைட்டில இருக்கிற பபிதா வீட்டுப் பக்கம் போற பார்வை எல்லாம் மாறாம அப்படியே இருக்கு, ஆனா அதுக்கெல்லாம் பக்கத்துலயே ஒரு வெள்ளந்தி மனசு இருந்துச்சு, கர்பா ஆடிக்கிட்டு, புருஷன் என்ன பண்ணினாலும் அவரைத் தாங்கிக்கிட்டு. அந்தத் தட்டு காலியானப்புறம் இந்தத் தட்டு மட்டும் கனமா தெரியுது. அவரை எழுதுன விதம் மாறல, அவரைச் சுத்தி இருந்தது மாறிப் போச்சு.

இதை நேத்து சித்திகிட்ட என்னால முடிஞ்ச மாதிரி சொன்னேன். கேட்டுக்கிட்டே இருந்தாங்க, விளம்பரம் முடியுற வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம் டிவியைப் பார்த்துக்கிட்டே, "ஆமாடா, அவ இருந்தப்ப இவன் மேல எனக்குக் கோவமே வந்ததில்ல"ன்னாங்க.